எதனால் இறந்தார்கள்? ஓர் ஆப்பிரிக்க அரசு எந்தக் கணக்கில் பணம் போடலாம்

2010ஆம் ஆண்டில் உலகெங்கும் மலேரியாவுக்குப் பலியானவர்கள் எத்தனை பேர்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு 6,55,000. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இயங்கும் சுகாதார அளவீட்டு ஆய்வு நிறுவனம் 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட கணக்கு 12,40,000. ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரு தரப்பாரும் விவரம் தெரிந்தவர்கள். எண்களை யாரும் அலட்சியமாக அள்ளிவிடவில்லை. சர்ச்சையின் மையம் ஆப்பிரிக்கா, அதிலும் ஐந்து வயதைக் கடந்தவர்கள். மலேரியா ஓயாமல் பரவும் ஊர்களில் பலமுறை காய்ச்சல் கண்டு பிழைத்த பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும், ஆகவே அங்கே சாவது பெரும்பாலும் குழந்தைகளே என்பது பாடப்புத்தகக் கருத்து. சியாட்டில் கணக்கு அதோடு மோதியது. எது சரி என்பதைப் பொறுத்து, கொசுவலை யாருக்கு முதலில், மருந்து எந்த வார்டுக்கு என்பதெல்லாம் மாறும்.

சுமார் ஆறு லட்சம் உயிர்கள் ஒரு கணக்கில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போக முடிகிறது என்றால் காரணம் எளியது. யாரும் எழுதி வைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்க வட்டாரத்தில் பிறப்புகளில் 44 விழுக்காடு பதிவாகிறது, இறப்புகளில் வெறும் 10 விழுக்காடு. பிறப்புச் சான்றிதழாவது பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். சொத்தும் ஓய்வூதியமும் இல்லாத ஒருவரின் இறப்புச் சான்றிதழை யார் கேட்கப் போகிறார்கள்? வீட்டில் உயிர் பிரிகிறது, குடும்ப நிலத்திலோ ஊர் இடுகாட்டிலோ அடக்கம் நடக்கிறது, அரசுக்குச் சேதி போவதில்லை.

மலாவி, ஜாம்பியா, சியரா லியோன் போன்ற ஒரு நாட்டின் சுகாதார அமைச்சகத்தில் இருக்கும் திட்ட அதிகாரியை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மக்கள் எதனால் சாகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவரிடம் அடுத்த ஐந்தாண்டுக்குக் கொஞ்சம் பணம் இருக்கிறது. எல்லா வழிகளுக்கும் போதாது. எனக்கு ஒரு சாய்வு இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காரணத்தைத் துல்லியமாக அறியும் ஆசையில் எண்ணிக்கையைக் கோட்டைவிடுவதுதான் இந்தத் துறையின் பழைய நோய் என்பது என் கருத்து.

மிக மலிவான வழி, எதுவும் செய்யாமல் இருப்பது. சியாட்டில் நிறுவனமும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் ஒவ்வொரு நாட்டுக்கும், ஒவ்வொரு நோய்க்கும் மதிப்பீடு வெளியிடுகின்றன. பதிவிறக்கம் செய்து அறிக்கையில் ஒட்டிக்கொள்ளலாம், பல அமைச்சகங்கள் அதைத்தான் செய்கின்றன. அந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் தரவு இல்லாத நாட்டுக்கு அவை பெரும்பாலும் பக்கத்து நாடுகளின் தரவிலிருந்தும், வருமானம், கல்வி, கொசுவலைப் பயன்பாடு போன்ற துணைத் தகவல்களிலிருந்தும் கணிக்கப்படுபவை. கொசுவலை கூடினால் மலேரியா மரணம் குறையும் என்று கணக்கிலேயே எழுதியிருந்தால், அந்தக் கணக்கைக் காட்டி 'எங்கள் கொசுவலைத் திட்டம் வென்றது' என்று சொல்வதில் பொருளில்லை. இடைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம், உள்ளூர் முடிவுக்கு உதவாது. இதற்கு மேல் இதில் பேச எதுவும் இல்லை.

மறுமுனையில் இருப்பது முழுமையான இறப்புப் பதிவு. ஒவ்வொரு மரணமும் பதிவாக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் காரணம் எழுத வேண்டும். மொரிஷியஸ், செஷல்ஸ் போன்ற சிறு தீவு நாடுகள் இதை எப்போதோ சாதித்துவிட்டன. பெருநாடுகளில் பார்க்க வேண்டியது தென்னாப்பிரிக்கா. அங்கே இன்று வயது வந்தோர் மரணங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பதிவாகின்றன. மருத்துவர் இல்லாத கிராமங்களில் ஊர்த்தலைவரே விவரம் எழுதிக் கொடுக்கத் தனிப் படிவம் வைத்திருந்தார்கள். அடக்கம் செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதால் குடும்பங்களும் பதிவு அலுவலகத்துக்கு வந்தன.

ஆனால் தென்னாப்பிரிக்க அனுபவத்தில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன, அவை எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. எச்ஐவி உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், சான்றிதழ்களில் எச்ஐவி என்ற பெயரே அரிதாக இருந்தது. காசநோய், நிமோனியா, வயிற்றுப்போக்கு, இல்லாவிட்டால் வெறுமனே 'இயற்கை மரணம்'. குடும்பத்துக்கு அவப்பெயர் வரும், ஈமச்சடங்குக் காப்பீடு கிடைக்காமல் போகும் என்று மருத்துவர்கள் தயங்கினார்கள். காரணப் பத்தியை மட்டும் படித்த ஒருவருக்கு அங்கே பெரிய எச்ஐவி தொற்று இருப்பதே தெரிந்திருக்காது. 2001இல் அதிபர் தாபோ எம்பெக்கி, 1995ஆம் ஆண்டின் பழைய புள்ளிவிவரத்தைச் சுட்டிக்காட்டி, எயிட்ஸ் முதன்மைக் கொலையாளி அல்ல என்று தன் சுகாதார அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்.

அதே 2001இல் அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் அறிக்கை வந்தது. அந்த ஆய்வாளர்கள் சான்றிதழில் எழுதியிருந்த காரணத்தை நம்பி உட்காரவில்லை. எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று பார்த்தார்கள். இருபதுகளின் பிற்பகுதியிலும் முப்பதுகளிலும் இருக்கும் பெண்கள் சாகும் வேகம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது. அந்த வயதில், அந்த வேகத்தில் பெண்களைக் கொண்டுபோகக்கூடிய வேறு எதுவும் அந்நாட்டில் நடக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் 15 முதல் 49 வயதுக்குள் நேர்ந்த மரணங்களில் சுமார் 40 விழுக்காடு எயிட்ஸால் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். அரசு ஏற்க மறுத்தது, ஆனால் எண் நின்றது. காரணப் பத்தி பொய் சொன்னபோதும் வயது, பால், தேதி என்ற மூன்று பத்திகள் உண்மையைச் சொல்லிவிட்டன.

கொரோனா காலத்திலும் அதே கதைதான். அதே மன்றமும் கேப் டவுன் பல்கலைக்கழகமும் மக்கள் பதிவேட்டிலிருந்து வாராவாரம் கூடுதல் மரணக் கணக்கை, அதாவது வழக்கமாக எதிர்பார்க்கும் அளவைத் தாண்டிய மரணங்களின் கணக்கை, வெளியிட்டன. அரசு அறிவித்த கொரோனா மரணங்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கூடுதல் மரணங்கள் அதில் தெரிந்தன. வாராந்திர எண்ணிக்கை இல்லாத நாடுகளில் 'ஆப்பிரிக்காவில் கொரோனா பெரிதாகக் கொல்லவில்லை' என்ற பேச்சு சுலபமாகப் பரவியது. ஜாம்பியாவில் லூசாகா பல்கலைக்கழக மருத்துவமனையின் பிணவறையில் 2020 ஜூன் முதல் செப்டம்பர் வரை 364 உடல்களில் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ ஆறில் ஒருவரிடம் வைரஸ் இருந்தது. தொற்று உறுதியானவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வெளியே இறந்தவர்கள், அவர்களில் ஒருவருக்குக்கூட உயிரோடு இருந்தபோது பரிசோதனை நடக்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், முழுப் பதிவையே முதல் முதலீடாக வைக்க என்னால் சொல்ல முடியவில்லை. 10 விழுக்காட்டிலிருந்து 90க்குப் போகச் சட்டம், கிளை அலுவலகங்கள், அடையாள அட்டை முறை, குடும்பங்களை வரவைக்கும் பயன் என்று எல்லாமே வேண்டும். அது நீதித் துறை, உள்துறை சம்பந்தப்பட்ட வேலை, சுகாதார அமைச்சகத்தின் கையில் முழுதாக இல்லை. ஐந்தாண்டில் முடியாது. அதைவிட முக்கியமானது, பாதி வழியில் நின்றால் கிடைக்கும் தரவு நகரத்துப் பணக்காரர்களின் மரணக் கணக்காக இருக்கும்.

ஆராய்ச்சியாளர்களுக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. ஒரு வட்டாரத்தை எல்லை கட்டி எடுத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுக்கு ஒருமுறையோ பலமுறையோ போய்ப் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு எல்லாவற்றையும் பதிவது. இத்தகைய கண்காணிப்புத் தளங்களில் செனகலின் நியாக்கர் 1962 முதல் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் அகின்கோர்ட் 1992இல் தொடங்கியது, கென்யாவின் கிலிஃபி 2000இல். இவற்றின் மதிப்பை ஒரே எடுத்துக்காட்டில் சொல்லலாம். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு நடால் மாகாணத்தின் வடக்கே உள்ள ஒரு தளத்தில் வயது வந்தோரின் ஆயுள் எதிர்பார்ப்பு 2003இல் 49.2 ஆண்டு. அரசு மருத்துவமனைகளில் எச்ஐவி மருந்து கொடுக்கத் தொடங்கிய பிறகு, 2011இல் அது 60.5 ஆனது. எட்டே ஆண்டில் பதினொரு ஆண்டு ஆயுள் கூடியது. மருந்துக்கு முன்னும் பின்னும் அதே மக்களை வீடு வீடாகப் பின்தொடராமல் இதை இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்க முடியாது.

ஆனாலும் இது ஓர் இடத்தின் கதை. கிலிஃபி மக்களுக்குப் பக்கத்திலேயே நல்ல ஆராய்ச்சி மருத்துவமனை இருக்கிறது. பல தடுப்பூசிச் சோதனைகள் அங்கே நடந்திருக்கின்றன. இருபது ஆண்டு கண்காணிக்கப்பட்ட ஊர், மற்ற ஊர்களைப்போல் இருப்பதில்லை. கடற்கரைக் கிலிஃபியை வைத்து அதே கென்யாவின் வறண்ட துர்க்கானாவில் மருந்துக் கையிருப்பைத் திட்டமிட முடியாது. ஏற்கெனவே இப்படி ஒரு தளம் இருக்கும் நாடு அதை எந்த நிலையிலும் கைவிடக் கூடாது, நீண்ட தொடரை அறுத்தால் மறுபடி ஒட்ட முடியாது. இல்லாத நாடு புதிதாக ஒன்று தொடங்குவதில் எனக்கு உற்சாகம் இல்லை.

இந்தத் தளங்களிலும், பின்னால் சொல்லப்போகும் மாதிரிப் பதிவிலும், காரணத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றே: வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை. மரணம் நடந்து துக்க நாட்கள் கழிந்த பின், பயிற்சி பெற்ற களப்பணியாளர் ஒருவர் அந்த வீட்டுக்குப் போகிறார். கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தவரிடம் உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாளைக் கேட்கிறார். காய்ச்சல் இருந்ததா, எத்தனை நாள், வலிப்பு வந்ததா, கழுத்து விறைத்ததா, உடல் மெலிந்ததா, மூச்சு வாங்கியதா. மருத்துவரோ கணினி நிரலோ அந்தப் பதில்களைப் படித்து காரணம் தருகிறது. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. வேந்தன் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ என்ற ஆய்வாளர்கள் தொண்ணூறுகளில் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் 80,000 வயது வந்தோர் மரணங்களை இப்படி விசாரித்தார்கள். சான்றிதழில் காரணம் தெளிவில்லாமல் விடப்பட்ட ஏராளமான மரணங்களுக்கு அதில் விடை கிடைத்தது.

இந்தக் கருவி எங்கே கூர்மை, எங்கே மழுங்கல் என்பதில்தான் முழுத் தீர்மானமும் தங்கியிருக்கிறது. விபத்து, பிரசவத்தின்போது நேரும் மரணம், பக்கவாதம், பாம்புக்கடி, பிறந்த குழந்தையின் டெட்டனஸ் ஆகியவற்றை ஒரு தாயோ மகனோ சொல்வதிலிருந்தே பிடித்துவிடலாம். காய்ச்சலோடு போன பெரியவரை என்ன செய்வது? மலேரியாவா, டைஃபாய்டா, ரத்தத்தில் நச்சுத்தொற்றா? 2010இல் இந்தியாவின் பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு, நாட்டில் ஆண்டுக்கு 2,05,000 பேர் எழுபது வயதுக்கு முன் மலேரியாவால் இறக்கிறார்கள் என்றது. அப்போது உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சொல்லிவந்த எண் சுமார் 15,000. காய்ச்சல் மரணங்களையெல்லாம் மலேரியாவில் சேர்த்துவிட்டார்கள் என்றது ஒரு தரப்பு. மருத்துவமனையை எட்டாத ஏழைகளை இத்தனை காலம் யாரும் எண்ணவில்லை என்றது மறுதரப்பு.

கணினி நிரல்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடவில்லை. பரவலாகப் பயன்படும் ஒன்றில், வேலையைத் தொடங்கும் முன்பே அந்த வட்டாரத்தில் மலேரியாவும் எச்ஐவியும் அதிகமா, குறைவா, மிகக் குறைவா என்று நாமே தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தத் தேர்வு முடிவை நகர்த்தும். அதிகம் என்று சொல்லி அனுப்பினால் மலேரியா கொஞ்சம் கூடுதலாகத்தான் திரும்பி வரும். நிரல் எழுதியவர்கள் இதை ஒளிக்கவில்லை, முடிவை மேற்கோள் காட்டுபவர்கள்தான் மறந்துவிடுகிறார்கள்.

துல்லியத்தின் உச்சி ஊசிவழித் திசுப் பரிசோதனை. உடலை முழுதாக அறுக்காமல், நீண்ட ஊசிகளால் நுரையீரல், ஈரல், மூளை ஆகியவற்றிலிருந்து துணுக்குகளும், ரத்தமும் முதுகுத்தண்டு நீரும் எடுப்பது. பார்சிலோனா ஆய்வாளர்கள் மொசாம்பிக்கின் மபூட்டோ மத்திய மருத்துவமனையில் இதை முழுப் பிரேதப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்து வளர்த்தெடுத்தார்கள். பிறகு கேட்ஸ் அறக்கட்டளைப் பணத்தில் சாம்ப்ஸ் என்ற கூட்டமைப்பு தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோ, மொசாம்பிக்கின் மன்ஹிசா, மாலியின் பமாகோ, மேற்குக் கென்யா, சியரா லியோனின் மகேனி, கிழக்கு எத்தியோப்பியா ஆகிய இடங்களிலும் வங்கதேசத்திலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணங்களையும் இறந்து பிறந்தவற்றையும் இப்படி ஆராய்ந்து வருகிறது. ஒவ்வொரு மரணத்துக்கும் மருத்துவர்கள், நோய்க்குறியியலாளர்கள், நுண்ணுயிரியலாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து காரணச் சங்கிலியை எழுதுகிறார்கள். பலருக்கும் வியப்பளித்த விடை கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா. மருந்துக்கு எளிதில் மசியாதது, மருத்துவமனை வார்டிலேயே தொற்றக்கூடியது. எந்த வாய்மொழி விசாரணையிலும் இதன் பெயர் வந்திருக்காது. 'ரெண்டு நாள் மூச்சு வாங்கிச்சு' என்றுதான் தாய் சொல்லியிருப்பாள்.

விலையோ மிகக் கடுமை. பொதுவாக 24 மணி நேரத்துக்குள் உடலை எட்ட வேண்டும். குழந்தையை இழந்து சில மணி நேரமே ஆன பெற்றோரிடம் சம்மதம் கேட்க வேண்டும். அன்றே அடக்கம் செய்யும் முஸ்லிம் குடும்பங்கள், எபோலாவின்போது ஒவ்வொரு சடலத்திலிருந்தும் மாதிரி எடுத்ததை மறக்காத சியரா லியோன் மக்கள், இவர்களிடமெல்லாம் பேசுவது எளிதல்ல. உயர்தர ஆய்வகம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு நாடு முழுவதையும் இப்படி அளப்பது நடக்காத காரியம். தொடக்கத்தில் சொன்ன மலேரியா வழக்குக்கும் இந்தக் கூட்டமைப்பிடம் விடை இல்லை, ஏனென்றால் வழக்கு பெரியவர்களைப் பற்றியது.

மீதமிருக்கிறது மாதிரிப் பதிவு. நாடு முழுவதிலுமிருந்து சில நூறு சிறு பகுதிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அவற்றில் மட்டும் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் விடாமல் பதிவது. இறப்பு ஒவ்வொன்றுக்கும் வாய்மொழி விசாரணை செய்வது. மேலே சொன்ன பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு இந்தியாவின் இத்தகைய மாதிரிப் பதிவின்மேல் எழுந்ததுதான். மொசாம்பிக் 700 பகுதிகளில் இதைச் செய்தது. ஊர்க்காரர் ஒருவரே அங்கே கருத்தரிப்பு, பிறப்பு, இறப்பு ஆகியவற்றைக் கவனித்துச் சேதி அனுப்பினார். மன்ஹிசாவில் ஊசிவழிப் பரிசோதனையும் நடந்ததால், வாய்மொழி விசாரணை எந்த நோயை எதுவாகத் தவறிச் சொல்கிறது என்று கண்டு, நாட்டின் குழந்தை மரணக் கணக்கையே அதை வைத்துத் திருத்த முடிந்தது. இந்தத் துறையில் நான் கண்ட மிகச் சாமர்த்தியமான ஏற்பாடு இது. விலை உயர்ந்த கருவியைச் சில இடங்களில் மட்டும் வைத்து, மலிவான கருவியின் பிழையை நாடு முழுவதும் சரிசெய்கிறார்கள்.

சியரா லியோனில் இந்திய முறையைப் பின்பற்றி, விசாரணைத் தாள்களை மருத்துவர்களே படித்தார்கள். 2018 முதல் 2020 வரையிலான முடிவு 2022இல் வந்தது. குழந்தைகளில் மட்டுமல்ல, வயது வந்தோரிலும் மலேரியாவே முன்னணிக் காரணம் என்றது. சியாட்டில் தரப்புக்கு ஆதரவாக இதைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் பாதிதான் ஏற்பேன். இளம் பெரியவர்களின் மரண விகிதம் அங்கே அச்சமூட்டும் அளவுக்கு இருக்கிறது என்பது எண்ணிக்கையிலிருந்து வந்தது, அதை நம்புகிறேன். அதன் பெயர் மலேரியா என்பது காய்ச்சல் விசாரணையிலிருந்து வந்தது. மாவட்ட மருத்துவமனைகளில் இறக்கும் பெரியவர்களில் சில நூறு பேரிடம் ஊசிவழிப் பரிசோதனை செய்தால் இந்த வழக்கு பெருமளவு முடியும்.

ஆகவே அந்தத் திட்ட அதிகாரிக்கு என் வாக்கு மாதிரிப் பதிவுக்கு. அதனோடு ஒரு போதனா மருத்துவமனையில் சிறிய ஊசிவழிப் பரிசோதனை அலகு, அதில் பெரியவர்களையும் சேர்க்க வேண்டும். பணம் அதற்குப் போதாவிட்டால் அலகை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளலாம், பகுதிகளின் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது. விசாரணைப் பதில்களை மூலவடிவில் பத்திரப்படுத்த வேண்டும். நாளைக்கு நல்ல நிரலோ நல்ல திருத்தக் காரணியோ வந்தால், பழைய மரணங்களை மீண்டும் கணக்கிடலாம்.

இதில் தவறினால் எல்லாம் வீணாகும் ஓர் இடம் சம்பளப் பட்டியல். 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு பணத்தை நிறுத்தியபோது, நாற்பது ஆண்டுகளாக ஆப்பிரிக்காவின் குழந்தை மரணக் கணக்குக்கு அடித்தளமாக இருந்த மக்கள்தொகை சுகாதார ஆய்வுத் திட்டம் ஒரே அறிவிப்பில் முடங்கியது. பல நாடுகளில் பாதி நடந்த ஆய்வுகள் அந்தரத்தில் நின்றன. மாதிரிப் பகுதிகளின் களப்பணியாளர்கள் வெளிநாட்டுத் திட்டத்தின் ஊழியர்களாக இருந்தால் ஆறாவது ஆண்டில் அவர்களும் இருக்க மாட்டார்கள். எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை, அவர்களைப் புள்ளிவிவரத் துறையின் நிரந்தரப் பணியிடங்களில் வைக்க வேண்டும். பதிவு அலுவலகம் மெல்ல வளர்ந்து ஊருக்கு வரும்போது, அந்த வேலையை எடுத்துக்கொள்ள ஆட்கள் தயாராக இருப்பார்கள்.

ஒருவேளை ஐந்தாண்டுப் பணம் இல்லை, ஓராண்டுப் பணம்தான் இருக்கிறது என்றால் என் பதில் வேறு. மாதிரிப் பதிவைத் தொடங்கவே வேண்டாம். பிணவறைகளின் பேரேடு, நகராட்சி இடுகாடுகளின் அனுமதிச் சீட்டு, ஊர்த்தலைவர்களின் மாதாந்திரச் சேதி ஆகிய மூன்றையும் ஒரே அட்டவணையில் கொண்டுவந்து, வயது, பால், தேதி என்ற மூன்று பத்திகளை மட்டும் நிரப்பலாம். சியரா லியோனில் எபோலா காலத்தில் மரணத்தைத் தெரிவிக்க 117 என்ற தொலைபேசி எண் இருந்தது. தொற்று அடங்கிய பின் அழைப்புகள் சரிந்துவிட்டன. அத்தகைய ஏற்பாடு ஏற்கெனவே இருக்கும் நாட்டில், அதைத் தட்டி எழுப்பி ஓட்டுவதுதான் அந்த ஓராண்டுக்கான முதல் வேலை.